அணுக்களுக்கு ஆசை கிடையாது

ரீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது "பங்கீட்டு வலுப் பிணைப்பு" என்ற சொல்லைப் போட்டுவிட்டு, அதை விளக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசகர்கள் விடவில்லை. தம்பிலுவில் முதல் வாகரை வரை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான்: அணுக்கள் இலத்திரன்களைப் பொதுவாக வைத்துக்கொண்டு சேர்ந்திருக்கும் விதம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படித்தவர்கள் இதையே "சகப்பிணைப்பு" என்பார்கள், இரண்டும் ஒன்றே.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். இரண்டு ஐதரசன் அணுக்கள் ஏன் சேர்கின்றன என்று கேட்டால் "உறுதியான நிலையை அடைவதற்காக" என்று எழுதுகிறோம். புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் உறுதி என்றால் என்ன? அணுவுக்கு அது வேணும் என்று எப்படித் தெரியும்? (மாணவி, தம்பிலுவில்)

பதில்: மகள், இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உன்னைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி தரவேண்டும். முப்பத்துநாலு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். "அணு தன் வெளி ஓட்டில் எட்டு இலத்திரனை நிரப்ப விரும்புகிறது" என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! சொல்வது இலகு, பிள்ளைகள் மனதிலும் நிற்கும். ஆனால் விரும்புவதற்கு அணுவிடம் மனம் இல்லை. வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்ற கவலையும் அதற்கு இல்லை. அங்கே இருப்பது நேரேற்றமும் மறையேற்றமும் ஒன்றையொன்று இழுப்பதும், ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதும்தான்.

உன் ஊர்க் கடற்கரைக்கு விடியப்புறம் போ. கரைவலை இழுப்பார்கள். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்திருக்கும். கயிற்றின் ஒரு தலைப்பை வடக்கே ஒரு கூட்டம் பிடித்திருக்கும், மற்றத் தலைப்பைத் தெற்கே இன்னொரு கூட்டம். இடையில் நல்ல தூரம். அம்பா பாடி இழுக்க இழுக்க, மடி (வலையின் பைப்பகுதி) கரைக்குக் கிட்ட வர வர, இரண்டு கூட்டமும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கிவிடும். கவனித்துப் பார்: வடக்கே நிற்பவர்கள் தெற்கே நிற்பவர்களை இழுக்கவில்லை. இருவரும் இழுப்பது நடுவில் இருக்கும் ஒரே மடியை. அந்த மடிதான் இரண்டு கூட்டத்தையும் கிட்டக் கொண்டுவருகிறது.

ஐதரசன் அணுவின் கருவில் ஒரு புரோத்தன், வெளியே ஒரு இலத்திரன். இரண்டு அணுக்கள் தூரத்தில் இருக்கும்வரை ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. நெருங்கும்போது இந்த அணுவின் இலத்திரனை அந்த அணுவின் கருவும் இழுக்கத் தொடங்குகிறது, அந்த அணுவின் இலத்திரனை இந்தக் கருவும் இழுக்கிறது. இலத்திரன்கள் இரண்டும் கருக்களுக்கு நடுவிலுள்ள இடத்தில் முன்பைவிட அதிகமாகத் தங்குகின்றன. நடுவில் சேர்ந்த அந்த மறையேற்றம்தான் மடி. இரண்டு கருக்களும் அதை நோக்கி இழுபடுகின்றன. மொத்தச் சக்தி குறைகிறது.

உவமை இந்த இடத்தோடு முடிகிறது, இதற்கு மேல் அதை நீட்டாதே. வலைக்காரர்கள் தோளோடு தோள் நிற்கலாம். கருக்களால் அப்படி ஏலாது. இரண்டும் நேரேற்றம், கிட்ட வந்தால் தள்ளும். இழுவையும் தள்ளலும் சமப்படும் தூரம் ஒன்று இருக்கிறது. ஐதரசன் மூலக்கூறில் அது 74 பிக்கோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீற்றர். அதைவிட நெருக்கினாலும் சக்தி கூடும், அதைவிட விலக்கினாலும் கூடும். உன் புத்தகத்தில் பள்ளம்போல ஒரு சக்தி வரைபு இருக்குமே, அந்தப் பள்ளத்தின் அடி இதுதான்.

இப்போது "உறுதி" என்ற சொல்லுக்கு வருவோம். ஐதரசன் அணுக்கள் சேர்ந்து ஒரு மூல் (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண நாம் வைத்திருக்கும் அளவு) மூலக்கூறு, அதாவது வெறும் 2 கிராம், உண்டாகும்போது 436 கிலோயூல் சக்தி வெளியேறுகிறது. நம் கிணற்றிலிருந்து 30 பாகையில் அள்ளிய தண்ணீரில் ஒன்றரை லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அந்த 436 கிலோயூலையும் யாராவது திரும்பக் கொடுத்தால்தான் அணுக்கள் பிரியும். கொடுக்க ஆளில்லாவிட்டால் சேர்ந்தே இருக்கும். உறுதி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். கிணற்றுக்குள் விழுந்த வாளிக்குக் கிணற்றடியில் இருக்க ஆசையா? வெளியே எடுக்க ஒருவர் கயிறு போட்டு இழுக்கவேண்டும், அவ்வளவுதான்.

இலத்திரன்கள் ஏன் நடுவில் அதிகம் தங்குகின்றன என்று அடுத்த கேள்வி உனக்கு வரும், வரவேண்டும். இலத்திரனைக் குண்டுமணிபோல ஒரு பொட்டாக நினைத்தால் இதற்கு விடை கிடைக்காது. அது அலைபோலவும் நடக்கிறது. காற்றில்லாத காலைநேரத்தில் வாவிக்கரையில் நின்று இரண்டு கற்களைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார். இரண்டு வட்டங்களும் விரிந்து வந்து சந்திக்கும் இடத்தில், முகடும் முகடும் சேர்ந்தால் நீர் இன்னும் உயரும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அந்த இடம் அடங்கிப்போகும். இரண்டு ஐதரசன்களின் இலத்திரன் அலைகள் முகட்டோடு முகடு சேரும்போது நடுவில் இலத்திரனைக் காணும் வாய்ப்புக் கூடுகிறது: பிணைப்பு. எதிராகச் சேர்ந்தால் நடுப்பகுதி வெறுமையாகி, மறைக்க ஒன்றுமில்லாமல் கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன: பிணைப்பெதிர் நிலை. பிணைப்பு நிலையில் இரண்டு இலத்திரன்களுக்குத்தான் இடம். ஈலியம் அணுக்கள் இரண்டு கிட்ட வந்தால் மொத்தம் நான்கு இலத்திரன். இரண்டு பிணைப்பு நிலைக்குப் போகும், மீதி இரண்டு பிணைப்பெதிர் நிலைக்குத்தான் போகவேண்டும். வந்த லாபமெல்லாம் அங்கே போய்விடும். பலூனில் அடைக்கும் ஈலியம் தனித்தனி அணுவாகவே திரிவது இதனால்தான்.

இலத்திரன் சோடிகூடக் கட்டாயமில்லை. ஐதரசன் மூலக்கூறிலிருந்து ஒரு இலத்திரனை அகற்றினால் மிஞ்சும் அயனில் (மின்னேற்றம் பெற்ற துணிக்கையில்) இரண்டு கருவுக்கும் இருப்பது ஒரேயொரு இலத்திரன். அப்படியிருந்தும் அது பிரிந்துவிடுவதில்லை. பிணைப்பின் நீளம் 106 பிக்கோமீற்றராக நீளும், வலிமை மூலுக்கு ஏறக்குறைய 256 கிலோயூலாகக் குறையும். ஆனால் பிணைப்பு இருக்கிறது. எட்டு விதியும் அப்படித்தான். போரன் முப்புளோரைட்டில் போரனைச் சுற்றி ஆறு, கந்தக அறுபுளோரைட்டில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. எட்டு என்பது காபன், நைதரசன், ஒட்சிசன் போன்றவற்றில் பெரும்பாலும் நடப்பதைச் சுருக்கிச் சொன்ன கணக்கு. காரணம் அதுவல்ல.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் இந்த வரிசைதான். 1916இல் அமெரிக்கரான கில்பேட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். நாம் இன்றும் போடும் புள்ளிப் படங்கள் அவர் கொடுத்தவை. 1919இல் இர்விங் லாங்மியூர் அந்தப் பிணைப்புக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைப் பரப்பினார். ஆனால் ஒரே மறையேற்றமுள்ள இரண்டு இலத்திரன்கள் எப்படிச் சோடியாக இருக்கின்றன என்பதற்கு லூயிஸிடம் கணக்கு இருக்கவில்லை. அதை 1927இல் சூரிச்சில் இருந்த இரண்டு இளைஞர்கள், வோல்ற்றர் ஹைற்லரும் பிரிற்ஸ் லண்டனும் (இங்கே லண்டன் ஆளின் பெயர்), புதிதாக வந்திருந்த அலைச் சமன்பாட்டை ஐதரசன் மூலக்கூறுக்குப் போட்டுச் செய்துகாட்டினார்கள். படம் முதலில் வந்தது, காரணம் பதினொரு வருடம் கழித்து வந்தது. நீயும் படத்தை முதலில் படித்துவிட்டுக் காரணத்தை இப்போது கேட்கிறாய். அதில் பிழையில்லை.

பரீட்சைத் தாளில் என்ன எழுதுவது? "இலத்திரன் சோடி இரு கருக்களாலும் கவரப்படுவதால் தொகுதியின் சக்தி குறைகிறது, எனவே மூலக்கூறு தனியணுக்களைவிட உறுதியானது" என்று எழுது. "விரும்புகிறது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடு.

கேள்வி: எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. காற்றில் பெரும்பகுதி நைதரசன்தான் என்று மகன் சொல்கிறான். யூரியாவிலும் அதே நைதரசன்தானாம். அப்படியென்றால் என் வட்டைக்கு மேலே இவ்வளவு கிடக்க, நான் ஏன் மூடைக்குக் காசு கொடுக்க வேண்டும்? (விவசாயி, கொக்கட்டிச்சோலை)

பதில்: ஐயா, இதைவிட நல்ல இரசாயனக் கேள்வியைப் பல்கலைக்கழகத்திலும் கேட்கமாட்டார்கள். மகன் சொன்னது முற்றிலும் சரி. காற்றின் கனவளவில் 78 வீதம் நைதரசன். உங்கள் வயலில் ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேலே, வானம் வரைக்கும் கணக்குப் பார்த்தால், கிட்டத்தட்ட 7,800 கிலோ நைதரசன் நிற்கிறது. ஒரு ஏக்கருக்கு 31,000 தொன்னுக்கு மேல். 50 கிலோ யூரியா மூடையில் இருப்பதோ 23 கிலோ.

தடை எங்கே என்றால், காற்றில் நைதரசன் தனி அணுவாக இல்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கிறது. சேர்ந்திருப்பதும் ஒரு சோடி இலத்திரனால் அல்ல, மூன்று சோடியால். முன் பதிலில் சொன்ன ஐதரசனில் ஒரு சோடி, காற்றின் ஒட்சிசனில் இரண்டு சோடி, நைதரசனில் மூன்று. அந்தப் பிணைப்பைப் பிரிக்க மூலுக்கு 945 கிலோயூல் வேண்டும். ஒட்சிசனுக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. நெற்பயிரின் வேரிடம் அதை அவிழ்க்கும் கருவி இல்லை. பூட்டிய பட்டறைக்குள் நெல் இருக்க, வெளியே பசியோடு நிற்பதுபோலத்தான் பயிரின் நிலை.

யூரியாவில் நைதரசன் காபனோடும் ஐதரசனோடும் ஒற்றைப் பிணைப்பால்தான் நிற்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியம் தண்ணீரையும் சேர்த்து அதை இலகுவாகப் பிரித்து அமோனியாவாக்கிவிடும். அது ஈர மண்ணில் அமோனியம் அயனாகிப் பயிருக்குப் போகும். நீங்கள் காசு கொடுப்பது நைதரசனுக்கு அல்ல ஐயா, அந்த மூன்று சோடியை யாரோ அவிழ்த்துத் தந்த வேலைக்கு.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஜேர்மனியில் பிரிற்ஸ் ஏபர் 1909இல் ஆய்வுகூட மேசையில் நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவர, 1913இல் ஒப்பா என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்றைக்கும் 400 முதல் 500 பாகை வெப்பம், காற்றமுக்கத்தைப்போல 200 மடங்கு வரையான அமுக்கம், ஊக்கியாக இரும்பு. இவ்வளவும் எரிபொருளைத் தின்னும். அதனால்தான் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் மூடை விலையும் ஏறுகிறது. 2021இல் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது படுவான்கரை வட்டைகளில் மஞ்சள் பூத்து நின்ற பயிரை நான் பார்த்தேன். மேலே காற்று முழுக்க நைதரசன், கீழே பயிர் நைதரசன் இல்லாமல் வெளிறிக் கிடந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் இந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த வேறு சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொழிற்சாலை வேண்டாம். ஒன்று, மாரியில் அடிக்கும் மின்னல். அதன் வெப்பத்தில் கொஞ்சம் நைதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து மழையோடு இறங்கும். இன்னொன்று, உங்கள் வீட்டுப் பக்கமே இருக்கும். கச்சான் செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். காய்களைச் சொல்லவில்லை, வேரோடு ஒட்டிக் கடுகுபோலச் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்குள் இருக்கும் பற்றீரியாக்களின் நொதியத்தில் இரும்பும் மொலிப்தனமும் இருக்கின்றன. சாதாரண மண் வெப்பத்திலேயே அந்த மூன்று சோடியையும் படிப்படியாக அவிழ்த்து அமோனியா ஆக்கிவிடும். பயறு, கௌபி எல்லாவற்றிலும் இது உண்டு. நெல்லில் இல்லை. நீர் நிற்கும் வயலில் அசோலா வளர்த்தால் அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சை அல்காவும் இதே வேலையைச் செய்யும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத காணியில் பயறு போட்டு, காய் எடுத்தபின் செடியை அப்படியே உழுதுவிடுங்கள். யூரியாவை முற்றாக விடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பகுதி நைதரசன் உங்கள் மண்ணிலேயே அவிழும்.

மகனிடம் சொல்லுங்கள், அடுத்த முறை அவனே எழுதட்டும்.

கேள்வி: பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவருகிறது, அதனால்தான் விறகும் எரிவாயுவும் சூடு தருகின்றன என்று வகுப்பில் எழுதித் தந்தார்கள். உங்கள் பழைய பதிலொன்றில் உடைக்கச் சக்தி வேண்டும் என்று இருந்தது. எது சரி? (மாணவர், ஓட்டமாவடி)

பதில்: தம்பி, உடைப்பதற்கு எப்போதும் சக்தி கொடுக்கத்தான் வேண்டும். விதிவிலக்கே இல்லை. சூடு வருவது புதிய பிணைப்புகள் உருவாகும்போது. குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கணக்கோடு பார்ப்போம். மாட்டுச் சாணத்திலிருந்து எடுக்கும் வாயுவில் எரியும் பகுதி மெதேன். ஒரு மூல் மெதேன் எரிய, நான்கு காபன்–ஐதரசன் பிணைப்புகளும் இரண்டு ஒட்சிசன் மூலக்கூறுகளும் உடையவேண்டும். முன்னதற்கு ஏறக்குறைய 1,652 கிலோயூல், பின்னதற்கு 996. மொத்தம் 2,648 செலவு. பிறகு காபனீரொட்சைட்டும் நீரும் உருவாகும்போது இரண்டு காபன்–ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புக்கு 1,598, நான்கு ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்புக்கு 1,852. மொத்தம் 3,450 வரவு. வரவில் செலவைக் கழித்தால் 802 கிலோயூல். அடுப்பில் நாம் காண்பது இந்த மிச்சத்தைத்தான். முதலில் தீக்குச்சி கிழிப்பது எதற்கு? அந்த முதற் செலவைத் தொடக்கிவைக்கத்தான். பிறகு வரவிலிருந்தே செலவு நடக்கும்.

கேள்வி: சோற்றுப்பானை கொதிக்கும்போது தண்ணீரின் பிணைப்பு உடைந்துதானே ஆவி வருகிறது? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: இல்லை தங்கச்சி. மூடியைத் தள்ளிக்கொண்டு வரும் ஆவியும் தண்ணீர்தான். மூடியில் படிந்து திரும்பச் சொட்டுவதைப் பாருங்கள். ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பை உடைக்க மூலுக்கு 463 கிலோயூல் வேண்டும், அடுப்படி நெருப்புக்குத் தண்ணீரை அப்படிப் பிரிக்க முடியாது. அப்படி உடைந்திருந்தால் பானையிலிருந்து ஐதரசனும் ஒட்சிசனும் கலந்து வந்து நெருப்புப்பட்டு வெடித்திருக்கும்.

கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலுள்ள இழுவை. நீரில் ஒட்சிசன் இலத்திரன் சோடியைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்துவைத்திருக்கிறது. லைனஸ் போலிங் கொடுத்த அளவுகோலில் ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை (பிணைப்பிலுள்ள இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) 3.44, ஐதரசனுக்கு 2.20. பங்குதான், ஆனால் சரிபாதிப் பங்கல்ல. அதனால் ஒட்சிசன் பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கம் சற்று நேர். ஒரு மூலக்கூறின் ஐதரசன் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனைப் பிடிக்கிறது. இந்த ஐதரசன் பிணைப்பின் வலிமை ஏறக்குறைய 20 கிலோயூல்தான். சிறியது, ஆனால் இது இல்லாவிட்டால் வாவியும் இல்லை, கடலும் இல்லை. தண்ணீரைவிடப் பாரமான ஐதரசன் சல்பைட்டு (அழுகிய முட்டை நாற்றம் தருவது) சைபருக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீர் 100 வரை நிற்கிறது.

கேள்வி: உப்பும் வெள்ளை, சீனியும் வெள்ளை. உப்பிலும் இந்தப் பங்கீடு உண்டா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: உப்பில் பங்கீடு இல்லை, கொடுக்கலும் வாங்கலும். சோடியம் ஒரு இலத்திரனை விட, குளோரீன் எடுக்க, இரண்டும் அயன்களாகி ஒன்றையொன்று நாலாபக்கமும் பிடித்து நிற்கின்றன. ஒரு பழைய கரண்டியில் சீனியையும் இன்னொன்றில் உப்பையும் வைத்து அடுப்பில் பிடியுங்கள். சீனி உருகிப் பாணியாகிக் கறுக்கும். முதலில் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும், பிறகு உள்ளே இருக்கும் பங்கீட்டுப் பிணைப்புகளே உடையும். உப்பு அப்படியே கிடக்கும். அது உருக 801 பாகை வேண்டும். இரண்டும் வேறு வேறு பெட்டி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீரைப்போல இடையில் நிற்பவைதான் உலகில் அதிகம்.

கேள்வி: ஈதற் பிணைப்பில் இரண்டு இலத்திரனையும் ஒரே அணு கொடுக்கிறது. அது மற்றப் பிணைப்புகளைவிடப் பலவீனமா? (மாணவர், கல்முனை)

பதில்: தொண்ணூறுகளில் படுவான்கரைப் பாடசாலையொன்றில் படிப்பித்த காலத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பின்னேர வகுப்பு பொழுதுபட்டும் நீண்டால் குப்பி விளக்கைச் சுற்றிப் பாயில் உட்காருவோம். கரும்பலகை தெரியாது. ஆகவே பயறும் உழுந்தும் கொண்டுவரச் சொல்வேன். நைதரசனின் இலத்திரனுக்குப் பயறு, ஐதரசனின் இலத்திரனுக்கு உழுந்து. பாயில் அடுக்கினால் அமோனியாவில் மூன்று சோடியில் ஒரு பயறும் ஒரு உழுந்தும், நான்காவது சோடியில் இரண்டும் பயறு: தனிச்சோடி. அதோடு இலத்திரன் இல்லாத ஒரு ஐதரசன் அயன் வந்து சேர்ந்தால் அமோனியம்.

அப்போது ஒரு பொடியன் கேட்டான்: "ரீச்சர், சேர்ந்து முடிஞ்ச மறுகா எது பயறு எது உழுந்து எண்டு அணுவுக்குத் தெரியுமா?" தெரியாது. இலத்திரன்களுக்குள் அடையாளமே கிடையாது. பிணைப்பு உருவான பின் அமோனியத்தின் நான்கு நைதரசன்–ஐதரசன் பிணைப்புகளும் நீளத்திலும் வலிமையிலும் ஒன்றே. ஈதல் என்பது வந்த வழியைச் சொல்லும் பெயர் மட்டும். அந்தப் பொடியன் அன்று கேட்ட கேள்விதான் இந்தப் பதில். அன்றிலிருந்து நான் பயறையும் உழுந்தையும் அடுக்கி முடித்ததும் ஒரே கிண்ணத்தில் கலந்துகாட்டத் தொடங்கினேன்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மூலக்கூறு மாதிரிப் பெட்டி இல்லை. களிமண் உருண்டையும் ஈர்க்கும் வைத்துச் செய்கிறோம். அது போதுமா? (விஞ்ஞான ஆசிரியர், வாகரை)

பதில்: தம்பி, களிமண்ணும் ஈர்க்கும் எனக்கும் பல வருடம் கைகொடுத்தவை. விடவேண்டாம். ஆனால் ஒரு கெடுதல் அதில் உண்டு. ஈர்க்கைப் பார்த்துப் பழகும் பிள்ளை, பிணைப்பு என்பது அணுவுக்கும் அணுவுக்கும் நடுவில் செருகிய தடி என்று நினைத்துவிடும். உடைந்தால் "டப்" என்று சக்தி வரும் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் முளைக்கிறது என்று நான் நம்புகிறேன். உண்மையில் அங்கே இருப்பது இலத்திரன் முகில். முகிலுக்கு இடம் வேண்டும், ஒன்றையொன்று தள்ளும். இதைக் காட்ட ஈர்க்கைவிடப் பலூன் நல்லது.

ஒரே அளவாக ஊதிய நான்கு பலூன்களின் முடிச்சுகளை ஒன்றாகக் கட்டுங்கள். யாரும் திருத்தாமலே அவை நான்கு திசைக்கு விலகி நான்முகியாக நிற்கும். தட்டையாக அமுக்கிவிட்டாலும் திரும்ப வந்துவிடும். மெதேனின் 109.5 பாகை அது. பிறகு ஒரு பலூனை அவிழ்த்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஊதியதைக் கட்டுங்கள். அது தனிச்சோடி, ஒரே கருதான் அதைப் பிடித்திருப்பதால் அகன்று கிடக்கும். மற்ற மூன்றும் சற்று நெருங்கும்: அமோனியா, 107 பாகை. இரண்டு பெரியது, இரண்டு சிறியது வைத்தால் நீர், 104.5. மூன்றை மட்டும் கட்டினால் என்ன வடிவம் வரும் என்று கட்டுவதற்கு முன்பே பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். தட்டையாக 120 பாகையில் விழும்: போரன் முப்புளோரைட்டு.

பலூனை முக்கால்வாசிக்கு மேல் ஊதவேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். ஒன்று வெடித்தால் வகுப்பு அதோடு கலைந்துவிடும். நூலுக்குப் பதில் இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள், மாற்றிக் கட்ட வசதி.